கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி: வடசென்னைச் சேரிகளும் மருந்தின் வரலாறும்



அயோத்திதாசர் பெயரால் நடக்கும் நினைவுச் சொற்பொழிவுகளில் பத்திரிகையாளர், பௌத்தர், தமிழறிஞர் என்கிற மூன்று முகங்கள் தவறாமல் வந்துவிடும். அவர் எதைச் செய்து பிழைத்தார் என்கிற கேள்வி அபூர்வமாகத்தான் வரும். அவர் சித்த மருத்துவர். இராயப்பேட்டையில் வைத்தியம் பார்த்தவர். இளம் வயதில் தம்மை முடக்கிப் போட்ட நோயைப் பண்டிதர் தீர்த்துவைத்ததைத் திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவரிடம் ஒரு சைவக் குடும்பம் தன் பிள்ளையின் உடம்பை ஒப்படைத்தது. ஊருக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தவர்களில் பறையரும் நாவிதரும் இருந்தார்கள், பிரசவம் பார்த்தவர்களில் சேரிப் பெண்கள் இருந்தார்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மருந்து கொடுக்கும் கையாக இருந்தவர்கள், ஒரு நூற்றாண்டுக்குள் மருந்துக்காக வரிசையில் நிற்பவர்களாக மட்டுமே பார்க்கப்பட்டார்கள். அந்த வரிசையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இடம், இராயபுரம் தொடங்கி திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரைக்கும் போகும் கடலோரப் பட்டை.

ஸ்டான்லி என்று பலகையில் எழுதியிருந்தாலும் வடசென்னையின் பழைய ஆட்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். வேடிக்கைக்கு வைத்த பெயர் அல்ல அது. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. செங்கல்பட்டுச் சீமையின் வயல்கள் எரிந்தன, ஏரிகள் பாழாயின. பிழைக்க வழி தேடி மக்கள் சென்னையை நோக்கி வந்தார்கள். பஞ்சம் தலைவிரித்தாடிய 1782இல் கறுப்பர் நகரத்தின் வடக்கு மதிலுக்கு வெளியே ஒரு கஞ்சித்தொட்டி திறக்கப்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் வாயில் அது ‘மோனேகர்’ ஆயிற்று. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே சுதேச நோயாளிகளுக்காக ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார். சத்திரமும் வைத்தியசாலையும் பின்னாளில் ஒன்றாயின. இராயபுரம் மருத்துவப் பள்ளி அதன்மேல் வளர்ந்து, ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் பெற்று, 1938இல் கல்லூரி ஆனது.

இந்த வரலாற்றைக் கல்லூரி மலர்களில் படித்தால் அறச்செயல்களின் தொடர்ச்சியாகத் தெரியும். எனக்கு அதில் உறுத்துவது வேறு. மதிலுக்கு வெளியே என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு மருத்துவமனை இருந்தது. வெளியே இருந்தவர்களுக்குக் கஞ்சி கிடைத்தது, கஞ்சிக்கு வந்து விழுந்தவர்களுக்கு வைத்தியம் கிடைத்தது. பஞ்சத்தில் முதலில் ஊரைவிட்டுக் கிளம்புகிறவன் நிலம் உள்ளவன் அல்ல. படியாளும் பண்ணையாளும்தான் முதலில் கிளம்புகிறார்கள். காரணம், அவர்களுக்கு விட்டுவிட்டு வருவதற்கு ஏதுமில்லை. ஆவணங்கள் அவர்களைச் ‘சுதேச ஏழைகள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. செங்கல்பட்டுச் சீமையில் நிலமில்லாத பண்ணையாள் யார் என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்குள் எந்தச் சேரிகள் இருந்தன என்பது விளங்கும்.

அடுத்த பெரும் பஞ்சம் 1876-78. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் கதைகளில் வருவது. அப்போது சென்னைக் கடற்கரையில் இறக்குமதியான தானிய மூட்டைகள் குவிந்து கிடந்தன, சற்றுத் தொலைவில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்ச நிவாரண வேலைக்கு வருகிறவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் முடிவு செய்தார். செலவைச் சுருக்கத்தான் அவரைக் கல்கத்தாவிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அதை எதிர்த்து எழுதியவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ். கல் உடைக்கிற, மண் சுமக்கிற உடம்புக்கு ஒரு ராத்தல் தானியம் போதாது, இது மெல்லக் கொல்லும் என்று அவர் கணக்கோடு வாதாடினார். 1877இன் நடுவில் கூலியளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை உயிர் போனது என்பது தனிக் கதை. ஒரு மருத்துவர், மருந்துச் சீட்டில் எழுதவேண்டிய முதல் மருந்து சோறு என்று அரசாங்கத்திடம் சண்டை போட்டது நம் மாகாணத்தில் நடந்தது. நமது மருத்துவ வரலாற்று நூல்களில் கார்னிஷுக்கு இன்னும் கொஞ்சம் இடம் தரலாம்.

அதற்குப் பிறகு துறைமுகம் வந்தது, ஆலைகள் வந்தன. மூட்டை தூக்கவும் நிலக்கரி அள்ளவும் சாக்கடை தள்ளவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். வடசென்னையின் சேரிகளும் குப்பங்களும் நெருக்கமாயின. இராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி, ஸ்காட்லாந்து மிஷன் பெண் மருத்துவர்களின் உழைப்பில் வளர்ந்த ரெய்னி ஆஸ்பத்திரி, தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாய் எழுந்தன. அவற்றை விரித்துச் சொல்ல நேரமில்லை. ஆனால் ஆஸ்பத்திரி இருப்பதும் அதற்குள் நுழைவதும் வேறுவேறாய் இருந்த நாடு இது. 1929இல் ‘யங் இந்தியா’வில் வெளியான ஒரு கடிதத்தை அம்பேத்கர் எடுத்துக் காட்டியிருக்கிறார். கத்தியவாரில் தீண்டப்படாத வகுப்பைச் சேர்ந்த ஓர் ஆசிரியரின் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். பெண்ணை வெளியே கொண்டுவரச் சொன்னார். காய்ச்சல் பார்க்கும் கருவியைத் தானே கொடுக்காமல் ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவியிடம் கொடுத்தார். அதே வழியில் அது திரும்பிப் போயிற்று. அந்தப் பெண் இறந்துபோனார்.

இதை ஓர் ஊரின் கொடுமை என்று ஒதுக்கமுடியாது. 1955இல் நாடாளுமன்றம் தீண்டாமைக் குற்றச் சட்டத்தை இயற்றியபோது அதன் ஐந்தாம் பிரிவை மருத்துவமனை, மருந்தகம், கல்விக்கூடம் ஆகியவற்றில் சேர்க்க மறுப்பதற்கான தண்டனைக்கென்றே ஒதுக்கியது. ஒரு நாடு எதைச் சட்டமாக எழுதித் தடுக்கவேண்டியிருந்தது என்பதே அந்த நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்குச் சாட்சி. கோயில் நுழைவைப் பற்றி நூல்கள் நிறைய இருக்கின்றன. ஆஸ்பத்திரி நுழைவைப் பற்றி யாராவது எழுதவேண்டும்.

அச்சட்டம் வந்த மறு ஆண்டு, 1956இல், சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் சாலையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடி நடத்தியது. அப்போது காசநோய்க்கு நல்ல காற்று, நல்ல சோறு, படுக்கை ஓய்வு ஆகியவற்றோடு சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கவேண்டும் என்பதே மருத்துவ நம்பிக்கை. தாம்பரத்தில் அப்படி ஒன்று 1928 முதல் இருந்தது. ஆனால் மாகாணத்தில் நோயாளிகள் எத்தனை, கட்டில்கள் எத்தனை என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். சென்னை ஆய்வு அந்த நம்பிக்கையை நேருக்கு நேர் சோதித்தது. நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்து வந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி அவரவர் வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டுக்கு.

1959இல் முடிவுகள் வெளிவந்தன. சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகமாக வேலை செய்தார்கள், ஒரே அறையில் நான்கைந்து பேரோடு படுத்தார்கள். ஆனாலும் மருந்து வேலை செய்தது. வீட்டில் நோயாளியோடு இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் தொடர் கண்காணிப்பில் தெரிந்தது. உலகின் ஏழை நாடுகள் அத்தனையும் காசநோயைக் கையாளும் முறை இந்த முடிவால் மாறியது. சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிட்டுக் குணமான ஒவ்வொருவருக்கும் சென்னையின் நெருக்கமான அறைகளில் இருமிக்கொண்டு கிடந்தவர்கள் கொஞ்சம் உறவு.

இந்த ஆய்வை நான் இரண்டு விதமாகப் பார்க்கிறேன். ஏழையின் வீடு சிகிச்சைக்குத் தகுதியற்ற இடம் என்ற எண்ணத்தை அது உடைத்தது. சேரி என்றால் நோய்க்கிடங்கு, அங்கிருப்பவனை அப்புறப்படுத்தினால்தான் ஊர் பிழைக்கும் என்கிற சாதிய மனநிலைக்கு இதைவிடப் பெரிய அறிவியல் மறுப்பு கிடையாது. இன்னொரு பக்கம், நோயாளி மாத்திரையை உண்மையாகவே விழுங்கினானா என்று சிறுநீரைச் சோதித்தார்கள், சொல்லாமல் வீட்டுக்கு வந்து மீதி மாத்திரையை எண்ணினார்கள். பிறகு கண்ணெதிரே விழுங்கவைக்கும் முறை வந்தது. இதே மையத்தில் அறுபதுகளில் வாரம் இருமுறை நேரில் வரவழைத்து மருந்து தரும் முறையைச் சோதித்தார்கள். அதுவே பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய டாட்ஸ் திட்டத்தின் ஒரு வேர். துறைமுகத்தில் அன்றாடக் கூலிக்கு நிற்பவன் மருந்து விழுங்கிக்காட்ட அரைநாள் கூலியை விடவேண்டும். விட்டுவிட்டால் அவனுக்குப் பெயர் ‘ஒழுங்காக மருந்து சாப்பிடாதவர்’. மருந்து சாப்பிடாததற்குக் காரணம் அவன் குணம் அல்ல, கூலி என்று எழுத அந்த அறிக்கைகளில் கட்டம் கிடையாது.

மருந்து கைக்கு வருவது ஒரு பாதிதான். வந்த மருந்து மருந்தாக இருக்கவேண்டும் என்பது மறு பாதி. இங்கே 1972ஐ நிறுத்திப் பார்க்கவேண்டும். 1970இல் இயற்றிய காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்குத்தான் உண்டு என்றானதால் இந்திய நிறுவனங்கள் விலை உயர்ந்த மருந்துகளை மலிவாகத் தயாரிக்க முடிந்தது. ஏழை நாடுகளின் மருந்தகம் என்று இந்தியா பெயரெடுத்தது அதனால்தான். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ரத்தப்புற்று மருந்தான கிளிவெக்குக்குக் காப்புரிமை மறுத்ததும் நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். 2006இல் மறுத்தது, 2013இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து சில ஆயிரங்களில் தொடர்ந்து கிடைத்தது.

அதே 1972இல் சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் காய்ச்சல் மருந்து குடித்துச் செத்தார்கள். பாரசிட்டமால் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. மருந்தைக் கரைக்கப் பயன்படுத்தும் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் இனிப்பான, நிறமற்ற, கெட்டியான திரவங்கள். டைஎத்திலீன் கிளைக்காலும் அப்படித்தான் இருக்கும், விலை குறைவு, குளிரூட்டியிலும் மை தயாரிப்பிலும் பயன்படும். கண்ணுக்கும் நாக்குக்கும் வித்தியாசம் தெரியாது. குழந்தையின் சிறுநீரகத்துக்குத் தெரியும். சிறுநீர் நின்றுவிடும், பிறகு மூளை. அமெரிக்காவில் 1937இல் இதே நஞ்சில் நூறு பேருக்கு மேல் இறந்து, மறு ஆண்டே கடுமையான மருந்துச் சட்டம் வந்தது. இந்தியாவில் மருந்துச் சட்டம் 1940லேயே உண்டு. ஆனால் சென்னை 1972க்குப் பிறகு பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனை 1986, குர்கான் 1998, ஜம்முவின் ராம்நகர் 2019-20 என்று அதே நஞ்சு ஊர் ஊராய்ச் சுற்றியது. 2022இல் இங்கே தயாரான சிரப் காம்பியாவில் ஏறத்தாழ எழுபது குழந்தைகளைக் கொன்றது.

2025 அக்டோபரில் அது மீண்டும் நம் வாசலுக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தால் இறந்தார்கள். தயாரித்த இடம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம், ஸ்ரீசன் பார்மா. தகவல் வந்ததும் தமிழ்நாட்டு அதிகாரிகள் ஆலையில் மாதிரி எடுத்தார்கள். ஓரிரு நாளில் முடிவு வந்தது. 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு. பாட்டிலில் பாதி நஞ்சு. உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது, மருந்து ஆய்வாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஓரிரு நாளில் செய்யமுடிந்த சோதனையை அந்த பாட்டில் ஆலையைவிட்டு வெளியே போகும் முன் யாரும் செய்யவில்லை என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்து உறுத்துகிறது.

ஏனென்றால் இதே தமிழ்நாட்டில் அந்தச் சோதனை முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. அதற்கு முன் அரசு ஆஸ்பத்திரி என்றால் ‘வெளியே வாங்கிக்கோ’ என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் இடம். கழகம் அதை மாற்றியது. தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்கி, மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்தது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்குப் போலப் பாஸ்புத்தகம் கொடுத்து, தேவைக்கு எடுத்துக்கொள்ளச் செய்தது. கிடங்குக்கு வரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியது. யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. தேறாத நிறுவனம் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். மாத்திரை அட்டையில் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்தார்கள். பின்வாசல் வழியாகக் கடைக்குப் போவது அதனால் கடினமாயிற்று. இந்தியாவின் பல மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்து எழுதிக்கொண்டன. திராவிட ஆட்சிகளின் சாதனைப் பட்டியலில் மேம்பாலங்களுக்குக் கிடைக்கும் வெளிச்சம் இதற்குக் கிடைப்பதில்லை. குறைகள் உண்டு, தட்டுப்பாடு உண்டு. ஆனாலும் பணக்காரன் கடையில் வாங்கும் மாத்திரையைவிட அதிகமாகச் சோதிக்கப்பட்ட மாத்திரை ஸ்டான்லி மருந்துச் சன்னலில் இலவசமாகக் கிடைக்கிறது என்பது மதிலுக்கு வெளியே கஞ்சி ஊற்றிய காலத்திலிருந்து பார்த்தால் சிறிய தூரமல்ல.

அப்படியானால் வடசென்னைக்காரன் ஏன் தனியார் கடையில் டானிக் வாங்குகிறான்? நேரத்துக்காக. ஓ.பி. காலையில். துறைமுக லாரியில் ஏறுபவனும், காசிமேட்டு ஏலத்துக்கு விடிவதற்கு முன் போகிற மீன்காரம்மாவும், குப்பை அள்ளும் தொழிலாளியும் காலையை விட்டால் கூலியை விடவேண்டும். தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் 1948லேயே வந்தது. நோயில் விழுந்த நாளுக்கும் பணம் தரும் நல்ல சட்டம். அது நிரந்தர ஆலைத் தொழிலாளியை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒப்பந்தக்காரரின் ஏட்டில் பெயர் வருவதும் போவதுமாக இருக்கிறவருக்கு அந்த அட்டை கைக்கு எட்டுவதில்லை. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தபோது கூலியைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள். நோய் விடுப்பும் அந்தக் கூலிக்குள்தான் இருக்கிறது.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் டாக்டர்கள். பழைய வண்ணாரப்பேட்டையின் டாக்டர் ஜெயச்சந்திரன் 2018இல் மறைந்தார். ஸ்டான்லியில் படித்து வியாசர்பாடியில் மருத்துவம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் 2020இல் மறைந்தார். இருவருடைய இறுதி ஊர்வலத்திலும் கலந்துகொண்ட கண்ணீருக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. மாலையில், வேலை முடிந்து வருகிறவனுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டும் தெருமுனை மெடிக்கல் கடைக்குத்தான் போயிற்று. அங்கே விற்கும் பாட்டிலைச் சோதித்தவர் யார் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

எண்ணூருக்கு மருந்தைப் பற்றிப் பேசுவதே கொஞ்சம் வெட்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கொசஸ்தலை ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் வந்தது. மீனவர்கள் அதை வாளியிலும் கையிலும் அள்ளினார்கள். அந்த மாதமே 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஊர் மூச்சுத் திணறி நடுராத்திரி தெருவில் ஓடியது. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு முகாம் போட்டு மாத்திரையும் களிம்பும் கொடுப்பார்கள். கார்னிஷ் இருந்திருந்தால் காற்றை எழுதிக் கொடுத்திருப்பார்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. சேத்துப்பட்டு ஆய்வு சொன்னதை அறுபது ஆண்டு கழித்து ஒப்புக்கொண்ட திட்டம் என்றே அதைச் சொல்வேன். அந்த மாத்திரை சோதித்த மாத்திரை. குழந்தைக்கு இரவில் இருமல் வந்தால் வாங்குகிற பாட்டிலுக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் வரவில்லை. தனியார் கடை மருந்துகளில் ஆய்வாளர் எப்போதாவது எடுக்கும் மாதிரிதான் ஒரே வேலி. அப்படி எடுத்துத் தேறாத மருந்துகளின் பெயரையும் தொகுதி எண்ணையும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மாதாமாதம் இணையத்தில் ஆங்கிலத்தில் வெளியிடுகிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எத்தனையோ மெடிக்கல் கடைகள் இருக்கின்றன. அந்தப் பட்டியல் தமிழில் ஒட்டப்பட்ட ஒரு கடைச் சுவரை நான் இதுவரை பார்த்ததில்லை.